கோவ் துறைமுகத்துக்கு வந்த போர்க்கப்பல்கள்: கார்க்ல இருக்கற நம்ம குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்துல கார்க் சிட்டி, டக்ளஸ், பாலின்காலிக், கரிகலைன், மிடில்டன் பக்கம் குடியிருக்கற நம்ம குடும்பங்களுக்கும், லீவு வந்தா குரூப்பா ட்ரிப் ஏற்பாடு பண்ற அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம். நான் கோவ்லயே குடியிருக்கறேன், உங்கள்ல பாதிப்பேர் என்னை பொங்கல் விழாவுலயோ ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயோ பாத்திருப்பீங்க. நேர்ல பாக்கறவங்ககிட்ட எல்லாம் துண்டு துண்டா சொல்லிட்டு இருக்கற ஒரு விஷயத்தை இந்த தடவை எல்லாருக்கும் சேத்து எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

கோடைக்கு ஊர்ல இருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார் எல்லாம் வருவாங்க, வந்த முதல் சனிக்கிழமையே கென்ட் ஸ்டேஷன்ல ரயிலேத்தி கோவ்வுக்கு கூட்டிட்டு வந்துடுவீங்க. டைட்டானிக் கடைசியா நின்ன ஊரு இதுதான்னு சொல்லுவீங்க, கதீட்ரல் முன்னாடி ஒரு போட்டோ, மேட்டுல கலர் கலரா வரிசையா நிக்கற வீடுங்க முன்னாடி ஒரு போட்டோ, பசங்களுக்கு ஐஸ்க்ரீம், அப்புறம் சாயங்கால ரயில்ல திரும்பிடுவீங்க. இதுல தப்பே இல்ல, எனக்கும் அந்த கதீட்ரல் மணிச்சத்தம் உசுரு. ஆனா ஒண்ணு யோசிச்சு பாருங்க, டைட்டானிக் இங்க நின்னது 1912 ஏப்ரல் 11ஆம் தேதி ரெண்டு மணி நேரம் போல, அதுவும் துறைமுகத்துக்கு உள்ளயே வரல, வெளிய ரோச்சஸ் பாயிண்ட் பக்கம் நங்கூரம் போட்டு நின்னுச்சு, சின்ன படகுல போய் 123 பேர் ஏறினாங்க, கிளம்பிப் போயிடுச்சு. இந்த ஊரு போர்க்கப்பல்களோட வாழ்ந்தது நூறு வருஷத்துக்கும் மேல. அதைப் பத்தி நம்ம பசங்களுக்கு நாம ஒரு வார்த்தை கூட சொல்றதில்ல, அந்தக் கப்பல்ங்க வந்து நின்ன தண்ணிக்கு முதுகை காட்டிட்டுத்தான் எல்லா போட்டோவும் எடுக்கறோம்.

அதனால அடுத்த தடவை வரும்போது கரையோரமா இருக்கற பார்க்குல, அந்த பேண்ட் ஸ்டாண்ட் பக்கத்துல, தண்ணியைப் பாத்து நில்லுங்க. வலது பக்கமா ஒரு தீவு தெரியும், பழைய கல் கட்டடங்க உயரமா நிக்கும், பக்கத்துல சாம்பல் கலர்ல கப்பல் ஒண்ணு ரெண்டு கட்டியிருக்கும், அதுதான் ஹால்போலைன், இப்போ ஐரிஷ் கடற்படையோட தலைமையிடம், அதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் கடற்படையோட டாக்யார்டு. இடது பக்கமா புல்லு மேடா அகலமா தெரியறது ஸ்பைக் தீவு, மேல கோட்டை இருக்கு. துறைமுகத்து வாய்ல ரெண்டு பக்கமும் ரெண்டு கோட்டை, அதுல ஒண்ணு கிராஸ்ஹேவன் பக்கம் இருக்கறது, உங்கள்ல சில பேர் போயிருப்பீங்க. நாலு பக்கமும் பீரங்கி வெச்சு காவல் காத்த இடம் இது, நாம பாக்கறது மட்டும் ஐஸ்க்ரீம் வண்டி.

இப்போ 1917க்கு வாங்க. அப்போ இந்த ஊருக்கு பேரு குயின்ஸ்டவுன், விக்டோரியா ராணி 1849ல வந்து இறங்கினதால வெச்ச பேரு. உலகப்போர் மூணாவது வருஷம் ஓடிட்டு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி, 1915 மே 7ல, லுசிடானியாங்கற பயணிகள் கப்பலை ஜெர்மன் சப்மரீன் ஒண்ணு கின்சேல் பக்கத்துல ஒரே டார்பிடோவுல அடிச்சு, 18 நிமிஷத்துல கப்பல் முழுகிடுச்சு, கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தாங்க, பிழைச்சவங்களையும் பிணங்களையும் மீன்பிடி படகுங்க இதே கரையிலதான் கொண்டுவந்து இறக்கினாங்க. ஊருக்கு மேல இருக்கற பழைய கல்லறைத்தோட்டத்துல 150 பேருக்கும் மேல புதைச்சிருக்காங்க, நிறைய பேர் யாருன்னே தெரியாம கூட்டமா பெரிய குழிங்கள்ல. அந்த ஊரு மனுஷங்க எப்படிப்பட்ட கண்ணோட கடலைப் பாத்திருப்பாங்கன்னு நினைச்சுக்கங்க.

1917 ஏப்ரல் மாசம் நிலைமை இன்னும் மோசம். அந்த ஒரே மாசத்துல சப்மரீனுங்க முழுகடிச்ச சரக்குக்கப்பல் கணக்கு 8 லட்சம் டன்னுக்கு மேல, இப்படியே போனா பிரிட்டனுக்கு கோதுமை வந்து சேராது, இன்னும் சில மாசத்துல போர்ல தோத்துடுவோம்னு லண்டன்ல பெரிய தலைங்களே உள்ளுக்குள்ள பயந்துட்டு இருந்த நேரம். அமெரிக்கால இருந்து லிவர்பூலுக்கும் பிரிஸ்டலுக்கும் போற கப்பல்ல நிறைய அயர்லாந்தோட தெற்குக் கரையை ஒட்டித்தான் போகும், அகலமான கடல் இங்க வந்து ஒடுங்குது, சப்மரீன்காரன் எங்கயும் தேடி அலைய வேண்டாம், இங்க படுத்திருந்தாலே இரை தானா வரும். குயின்ஸ்டவுன் அவ்வளவு முக்கியமானதுக்கு காரணம் இதுதான், மேப்பை ஒரு தடவை பசங்ககிட்ட விரிச்சு காட்டினீங்கன்னா அவங்களே சொல்லிடுவாங்க.

ஏப்ரல் 6ல அமெரிக்கா போர்ல குதிச்சுச்சு. ஏப்ரல் 24ஆம் தேதி பாஸ்டன்ல இருந்து ஆறு டெஸ்ட்ராயர், அதாவது சப்மரீனை விரட்டற வேகமான சின்ன போர்க்கப்பல், கிளம்புச்சு, வாட்ஸ்வொர்த், கானிங்ஹம், போர்ட்டர், மெக்டூகல், டேவிஸ், வெய்ன்ரைட். தலைவர் ஜோசஃப் டாசிக்ங்கற கமாண்டர். எங்க போறோம்னு அவருக்கே தெரியாது, கடலுக்குள்ள போனப்புறம்தான் சீல் வெச்ச கவரை பிரிக்கணும்னு உத்தரவு. பிரிச்சா குயின்ஸ்டவுன். ஒவ்வொரு கப்பலும் சுமார் ஆயிரம் டன், மெலிசா நீளமா நாலு புகைபோக்கியோட, வட அட்லாண்டிக் புயல்ல அந்த மாதிரி கப்பல் எப்படி உருண்டிருக்கும், சாப்பாட்டுத் தட்டு மேசையில நிக்காது. பத்து நாள் அப்படி வந்தாங்க.

கரைக்கு பக்கத்துல வந்ததும் மேரி ரோஸ்ங்கற பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் எதிர்ல வந்து, அமெரிக்கக் கொடிக்கு நல்வரவுன்னு சிக்னல் கொடி ஏத்துச்சு. மே 4, வெள்ளிக்கிழமை, ஆறும் வரிசையா துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சுச்சு. மேட்டு வீட்டு ஜன்னல்ல இருந்து, கரையில இருந்து, ஜனங்க நின்னு பாத்தாங்க, அங்கங்க அமெரிக்கக் கொடி பறந்துச்சு. இந்த இடத்தை நான் எப்ப சொன்னாலும் கொஞ்சம் நின்னுதான் சொல்லுவேன், ஏன்னா அந்த ஜனங்க கைதட்டினது எதுக்குங்கறது அவ்வளவு லேசான கேள்வி இல்ல. ஒரு வருஷம் முன்னாடிதான் டப்ளின்ல பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா ஈஸ்டர் கிளர்ச்சி நடந்து தலைவர்களை பிரிட்டிஷ்காரன் சுட்டுக் கொன்னிருக்கான், ஹெல்காங்கற கப்பல் லிஃபி ஆத்துல நின்னு டப்ளின் மேலயே குண்டு போட்டிருக்கு. பிரிட்டிஷ் கொடி ஏத்தின போர்க்கப்பலைப் பாத்தா வயிறு எரியற வீடுங்க இந்த ஊர்லயும் இருந்துச்சு. அதே சமயம் பிரிட்டிஷ் கடற்படையில சம்பளம் வாங்கி குடும்பம் நடத்தற வீடுங்களும் இதே தெருவுலதான், டாக்யார்டுல வேலை பாக்கறவங்க, கப்பல்ல போன மகனுக்காக காத்திருக்கற அம்மாங்க. அமெரிக்கான்னா எல்லாருக்கும் சொந்தம், அண்ணனோ சித்தப்பாவோ பாஸ்டன்லயும் நியூயார்க்லயும் இருக்காங்க, இதே துறையில கப்பலேறி போனவங்கதான். அதனால அந்த ஆறு கப்பலை வரவேத்த கைத்தட்டல்ல ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராத நாலு மனசு கலந்திருக்கும்னுதான் நான் நினைக்கறேன். பசங்களுக்கு இதை மழுப்பாம சொல்லுங்க, அவங்க ஸ்கூல்ல 1916 படிக்கறாங்க, 1917ல என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கும் தெரியணும்.

இங்க இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் லூயிஸ் பெய்லி ரொம்ப கறாரான மனுஷன், சிரிக்கவே மாட்டாருன்னு பேரு. கதீட்ரலுக்கும் மேல மேட்டுல இருந்த அட்மிரால்டி ஹவுஸ்ல, அவரோட அக்கா தங்கச்சி மகள் ஒருத்தவங்க வீட்டைப் பாத்துக்கிட்டாங்க, அந்த கட்டடம் இப்போ கன்னியாஸ்திரீகள் மடமா இருக்கு. அங்க டாசிக்கைப் பாத்ததும் வளவளன்னு பேசாம, எப்போ கடலுக்கு கிளம்ப ரெடின்னு கேட்டாரு, எண்ணெய் நிரப்பினதும் ரெடின்னு டாசிக் சொன்னாரு. பத்து நாள் புயல்ல அடிபட்டு வந்தவங்க சொன்ன பதில் இது. நாலு நாள் எடுத்துக்கங்கன்னு பெய்லி சொன்னாரு. டாசிக்குக்கு அங்க ஒரு கடிதமும் காத்திருந்துச்சு, எழுதினது பிரிட்டிஷ் கடற்படையோட தலைமை அட்மிரல் ஜெல்லிகோ, 1900ல சீனாவுல பாக்ஸர் கலவரத்தப்போ ரெண்டு பேரும் ஒரே படையெடுப்புல காயம்பட்டவங்க, அந்த பழக்கத்துல எழுதின வரவேற்பு.

அந்த ஆறோட நிக்கல. அடுத்த வாரங்கள்ல வந்துட்டே இருந்தாங்க, கோடை முடியறதுக்குள்ள முப்பதுக்கும் மேல டெஸ்ட்ராயர் ஆயிடுச்சு, ரிப்பேர் பாக்கறதுக்கு மெல்வில், டிக்ஸின்னு ரெண்டு பெரிய கப்பல் துறைமுகத்துலயே நங்கூரம் போட்டு மிதக்கற ஒர்க்‌ஷாப்பா நின்னுச்சு, பெரிய ரிப்பேருக்கு ரஷ்புரூக் டாக். நீங்க ரயில்ல வரும்போது கோவ்வுக்கு முந்தின ஸ்டேஷன் அதுதான், வலது பக்க ஜன்னல்ல உக்காந்தா கிரேன் எல்லாம் தெரியும். பல நாள் கடல், ரெண்டு மூணு நாள் கரை, மறுபடியும் கடல், அப்பப்போ பாய்லர் சுத்தம் பண்ண மட்டும் கூடுதலா சில நாள். முதல்ல தனித்தனியா ரோந்து சுத்தினாங்க, அதுல பெருசா பலன் இல்ல, அப்புறம் சரக்குக்கப்பல்களை கூட்டமா சேத்து சுத்தி காவல் போற கான்வாய் முறை வந்துச்சு, அதுக்கப்புறம்தான் முழுகற கணக்கு இறங்க ஆரம்பிச்சுச்சு. எனக்கு இந்த கதையில ரொம்ப பிடிச்ச இடமே இதுதான், ஜெயிச்சது பெரிய பீரங்கி சண்டை எதுவும் இல்ல, தூங்காம கண் வலிக்க வலிக்க தண்ணியைப் பாத்துட்டே நின்ன சாதாரண மாலுமிங்க வேலை.

அதுக்கு ஒரு சம்பவம் சொல்றேன். 1917 நவம்பர் 17, குயின்ஸ்டவுன்ல இருந்து ஒரு கான்வாய் கிளம்புது, காவலுக்கு ஃபானிங், நிக்கல்சன்னு ரெண்டு அமெரிக்க டெஸ்ட்ராயரும் கூட. சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு ஃபானிங்ல பார்வை பாத்துட்டு இருந்த டேவிட் லூமிஸ்ங்கற மாலுமி தண்ணிக்கு மேல விரல் கனத்துக்கு ஒரு குச்சி மாதிரி பெரிஸ்கோப் தெரியறதைப் பாத்துட்டாரு, சில நொடிதான், உடனே மறைஞ்சுடுச்சு. ஃபானிங் வளைஞ்சு போய் அந்த இடத்துல டெப்த் சார்ஜ், அதாவது தண்ணிக்குள்ள ஆழத்துல வெடிக்கற குண்டு, போட்டுச்சு, நிக்கல்சனும் போட்டுச்சு. கீழ யூ-58ங்கற ஜெர்மன் சப்மரீன், மெஷின் எல்லாம் உடைஞ்சு, கன்ட்ரோல் இல்லாம ஆழத்துக்கு போயிட்டே இருக்கு, வேற வழியில்லாம டாங்க்ல இருக்கற தண்ணியை வெளியேத்தி மேல வந்துட்டாங்க. மூடியைத் திறந்துட்டு கையைத் தூக்கிட்டு வெளிய வர்றாங்க, நாப்பது பேர் கிட்ட. சப்மரீனை அவங்களே முழுகடிச்சுட்டு தண்ணியில குதிச்சு ஃபானிங்கை நோக்கி நீந்தறாங்க, நவம்பர் மாசத்து அட்லாண்டிக் தண்ணி, இங்க ஜூலையிலயே கால் வைக்க முடியலன்னு நாம சொல்ற தண்ணி. ஒருத்தர் பக்கத்துல வந்தும் கயித்தைப் பிடிக்க தெம்பு இல்லாம மூழ்கப்போறாரு, ஃபானிங்ல இருந்து ரெண்டு அமெரிக்க மாலுமிங்க தண்ணியில குதிச்சுட்டாங்க, கால் மணி நேரம் முன்னாடி யார் மேல குண்டு போட்டாங்களோ அவங்களை காப்பாத்த. தூக்கிட்டாங்க, ஆனா அவர் பிழைக்கல, மரியாதையோட கடல்லயே அடக்கம் பண்ணாங்க. மத்தவங்களுக்கு சூடா காபியும் மாத்து துணியும் குடுத்தாங்க. அமெரிக்கக் கப்பல்ங்க அந்தப் போர்ல முழுகடிச்ச முதல் சப்மரீன் அது, கைதிகளை கொண்டுவந்தது நம்ம கோவ் தண்ணிக்குத்தான்.

எல்லா கதையும் இப்படி முடியல. ஒரு மாசம் முன்னாடி, அக்டோபர் 15ல, காசின்ங்கற டெஸ்ட்ராயர் வாட்டர்ஃபோர்டு கரைக்கு அப்பால போயிட்டு இருக்கும்போது டார்பிடோ ஒண்ணு வர்றதை ஆஸ்மண்ட் இங்ரம்ங்கற கன்னர் பாத்தாரு, அது நேரா டெப்த் சார்ஜ் அடுக்கி வெச்சிருக்கற பின்பக்கத்துலதான் அடிக்கும்னு கணக்கு புரிஞ்சு, ஓடிப்போய் அந்த குண்டுகளை கடல்ல தள்ளிவிட ஆரம்பிச்சாரு. அவர் ஒருத்தர் மட்டும் செத்தாரு, கப்பல் தப்பிச்சு குயின்ஸ்டவுன் வந்து சேந்துச்சு. அப்புறம் ஒரு கப்பலுக்கே அவர் பேரை வெச்சாங்க, அதிகாரி இல்லாத ஒரு சாதாரண மாலுமி பேரை அமெரிக்க கடற்படை கப்பலுக்கு வெச்சது அதுதான் முதல் தடவை. டிசம்பர் 6ல ஜேக்கப் ஜோன்ஸ்ங்கற டெஸ்ட்ராயர் பிரெஸ்ட்ல இருந்து குயின்ஸ்டவுனுக்கு திரும்பி வர்ற வழியில யூ-53 அடிச்சு எட்டே நிமிஷத்துல முழுகுச்சு, அறுபது பேருக்கு மேல போயிட்டாங்க, தண்ணியில விழுந்தவங்க நடுவுலயே சொந்த கப்பலோட டெப்த் சார்ஜ் வெடிச்சுச்சு. அப்போ அந்த சப்மரீன் கேப்டன் ஹான்ஸ் ரோஸ் என்ன பண்ணாரு தெரியுமா, பிழைச்சவங்க எந்த இடத்துல மிதக்கறாங்கன்னு குயின்ஸ்டவுனுக்கு ரேடியோவுல சொல்லிட்டுப் போனாரு. தான் இருக்கற இடம் தெரிஞ்சுடும்னு தெரிஞ்சே. வரவேற்க வந்த மேரி ரோஸ் கூட தப்பிக்கல, அந்த வருஷம் அக்டோபர் 17ல வடகடல்ல ஒரு கான்வாயை காப்பாத்தப் போய் ரெண்டு ஜெர்மன் க்ரூஸர் கூட மோதி முழுகிடுச்சு.

கரையில நடந்ததும் சொல்லணும், அதை மறைச்சா கதை பாதிதான். அமெரிக்க மாலுமிக்கு சம்பளம் அதிகம், கையில காசு புரளுது, லீவு கிடைச்சா ரயிலேறி கார்க் சிட்டிக்கு போறாங்க, உள்ளூர் பொண்ணுங்க கூட சுத்தறாங்க, உள்ளூர் பசங்களுக்கு எரியுது, தெருவுல அடிதடி. ஒரு பக்கம் ஐரிஷ் விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சிக்காரங்க பண்ற கலாட்டான்னு அதிகாரிங்க சொன்னாங்க, இன்னொரு பக்கம் ஊரு பொண்ணுங்க மானம் போகுதுன்னு காவல் கூட்டம் கிளம்புச்சு. 1917 செப்டம்பர்ல இருந்து அமெரிக்க மாலுமிங்க கார்க் சிட்டிக்குள்ள போகவே கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, சிட்டி கடைக்காரங்களுக்கு வியாபாரம் போச்சு, தடையை எடுங்கன்னு வந்து கேட்டும் பெய்லி அசையல. என் கருத்தைக் கேட்டா, அரசியல், காசு, பொறாமை எல்லாமே அந்த சண்டையில இருந்துச்சு, ஒண்ணை மட்டும் காரணமா சொன்னவங்க எல்லாரும் அவங்கவங்களுக்கு வசதியானதை சொன்னாங்க. குயின்ஸ்டவுன்லயே மாலுமிங்களுக்குன்னு பெரிய கிளப் நடந்துச்சு, சினிமா, சாப்பாடு எல்லாம் அங்கயே, அயர்லாந்து புல்லுத்தரையில பேஸ்பால் ஆடினாங்க. சில பேர் இங்கயே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க.

இன்னொண்ணு, 1918ல உலகத்தையே உலுக்கின அந்த இன்ஃப்ளுயன்ஸா அயர்லாந்துல முதல்ல பதிவானது இதே துறைமுகத்துல நின்ன டிக்ஸி கப்பல்லதான். அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள நாடு முழுக்க 20 ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க. கோவிட் சமயத்துல இங்க ஆஸ்பத்திரில ராப்பகலா வேலை பாத்த நம்ம நர்ஸ் அக்காமாருங்க இதைக் கேட்டா எனக்கு மேல புரிஞ்சுக்குவீங்க.

பான்ட்ரி பக்கம் போறவங்களுக்கும் ஒரு தகவல். 1918 ஆகஸ்ட், செப்டம்பர்ல யூட்டா, நெவாடா, ஓக்லஹோமான்னு மூணு பெரிய அமெரிக்க போர்க்கப்பல் பெரேஹேவன்ல வந்து நின்னுச்சு, ஜெர்மன் பெரிய கப்பல் ஏதாவது அட்லாண்டிக்குல நுழைஞ்சா கான்வாயை காப்பாத்தறதுக்கு. அந்த மூணுமே 23 வருஷம் கழிச்சு 1941 டிசம்பர் 7ல பேர்ல் ஹார்பர்ல இருந்துச்சு, மூணுமே அடிபட்டுச்சு, யூட்டாவும் ஓக்லஹோமாவும் அங்கயே முழுகிப்போச்சு. கேசில்டவுன்பேர்ல நின்னு மீன் சாப்பிடும்போது அந்தப் பக்கம் தண்ணியைக் காட்டி பசங்களுக்கு இதை சொல்லுங்க, பேர்ல் ஹார்பர் அவங்களுக்குத் தெரிஞ்ச பேரு.

போர் முடிஞ்சு அமெரிக்கக்காரங்க போயிட்டாங்க, பிரிட்டிஷ்காரங்க போகல. 1921 டிசம்பர் ஒப்பந்தத்துல அயர்லாந்துக்கு தனி ஆட்சி கிடைச்சும், கோவ், பெரேஹேவன், லஃப் ஸ்வில்லின்னு மூணு துறைமுகம் பிரிட்டிஷ் கையிலயே இருந்துச்சு. சுதந்திர நாடு, ஆனா துறைமுகத்து கோட்டையில வேற நாட்டுக் கொடி, யோசிச்சு பாருங்க. 1924 மார்ச் 21ல ஸ்பைக் தீவுல இருந்து கோவ் கரைக்கு லீவுல வந்து இறங்கின ஆயுதம் இல்லாத பிரிட்டிஷ் சிப்பாய்ங்க மேல, ஐரிஷ் ராணுவ யூனிஃபார்ம்ல வந்த சிலர் மெஷின் கன்னால சுட்டுட்டாங்க, ஒருத்தர் செத்தாரு, கூட வந்தவங்க நிறைய பேருக்கு காயம். அடுத்து பெரிய விபரீதம் ஆகாம ரெண்டு அரசாங்கமும் பேசி சமாளிச்சாங்க. கடைசியா 1938 ஜூலை 11 சாயங்காலம் ஐரிஷ் பிரதமர் டி வலேரா ஸ்பைக் தீவுக்கு வந்து மூவர்ணக் கொடி ஏறினதைப் பாத்தாரு. சர்ச்சிலுக்கு அது சுத்தமா பிடிக்கல, பார்லிமெண்ட்லயே எதிர்த்துப் பேசினாரு. ஆனா அடுத்த வருஷமே ரெண்டாம் உலகப்போர் வந்தப்போ அயர்லாந்து நடுநிலையா நிக்க முடிஞ்சதுக்கு அந்த ஜூலை 11 ஒரு முக்கியமான காரணம், துறைமுகம் அடுத்தவன் கையில இருந்திருந்தா நடுநிலைன்னு யார் நம்புவாங்க? டப்ளின்ல குண்டு போட்ட ஹெல்கா கதையும் இதோட சேரும், அந்தக் கப்பலையே 1923ல ஐரிஷ் அரசாங்கம் வாங்கி முர்ஹூன்னு பேர் மாத்தி மீன்பிடிக் காவலுக்கு விட்டுச்சு, ரொம்ப வருஷம் இந்த நாட்டுக்குன்னு இருந்த காவல் கப்பல் அது ஒண்ணுதான். 1946லதான் நிரந்தரமா கடற்படைன்னு ஒண்ணு அமைஞ்சுச்சு.

இவ்வளவு தூரம் ஏன் சொல்றேன்னா, உங்கள்ல நிறைய பேர் இந்த நாட்டு சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சு, ஓட்டு போடறீங்க, பசங்க இங்கயே பொறந்தவங்க. கடற்படைக்கு ஆள் பத்தல, கப்பல் கட்டியே கிடக்குது, நடுநிலையை என்ன பண்றது, ட்ரிபிள் லாக்கை, அதாவது வெளிநாட்டுக்கு படை அனுப்ப ஐ.நா., அரசாங்கம், பார்லிமெண்ட் மூணும் சம்மதிக்கணும்ங்கற விதியை, எடுக்கலாமா கூடாதான்னு இங்க ஓயாம விவாதம் நடக்குது. நீங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் நில்லுங்க, ஆனா இந்த துறைமுகத்து கதை தெரியாம பேசினா ஏன் ஐரிஷ்காரங்க இந்த விஷயத்துல இவ்வளவு உணர்ச்சிவசப்படறாங்கன்னு நமக்கு பிடிபடாது. என் பக்கத்து வீட்டு பெரியவர் நடுநிலைன்னு பேச்செடுத்தா உடனே ஸ்பைக் தீவைத்தான் கைகாட்டுவாரு.

நம்ம ஆளுங்களுக்கும் இந்தக் கடற்படைக்கும் ஒரு துக்கமான உறவு இருக்கு, அதையும் நிறைய பேர் அறியாம இருக்கீங்க. 1985 ஜூன் 23ல ஏர் இந்தியா கனிஷ்கா விமானம் குண்டு வெடிச்சு இந்தக் கரைக்கு அப்பாலதான் விழுந்துச்சு, 329 பேர், பெரும்பாலும் இந்திய வம்சாவளி கனடாக்காரங்க, சின்னக் குழந்தைங்க நிறைய. எல்.ஈ. ஆஷ்லிங்ங்கற ஐரிஷ் கடற்படைக் கப்பல் போய் அந்த அலையில உடல்களை எடுத்துச்சு, மாலுமிங்க தண்ணியில இறங்கித் தூக்கினாங்க, கரைக்கு வந்த 131 உடல்களையும் கார்க் ஆஸ்பத்திரியிலதான் வெச்சு அடையாளம் பாத்தாங்க. மேற்கு கார்க்ல ஆஹகிஸ்டாங்கற ஊர்ல கடலோரமா நினைவிடம் இருக்கு, வருஷா வருஷம் ஜூன் 23 காலையில அந்த ஊர் ஜனங்க கூடறாங்க, நம்ம பக்கம் இருந்து இன்னும் நிறைய பேர் போகணும்ங்கறது என் ஆசை.

சரி, கேக்க வந்ததை கேட்டுடறேன். ட்ரிப் ஏற்பாடு பண்றவங்க, மே 4ஆம் தேதியை ஒட்டி வர்ற சனிக்கிழமையை இதுக்குன்னு ஒதுக்குங்க. காலையில ரயில்ல வாங்க, ஃபோட்டா தாண்டினதும் பசங்களை வலது பக்க ஜன்னலுக்கு மாத்துங்க. முதல்ல கரையோர பார்க்குல நின்னு ஹால்போலைனைக் காட்டி 1917 கதை, அதை நான் வந்து சொல்றேன், யாராவது பெரிய பசங்க முன்னாடியே படிச்சுட்டு வந்து அவங்களே சொன்னா இன்னும் சந்தோஷம். அப்புறம் கென்னடி பியர்ல ஃபெர்ரி ஏறி ஸ்பைக் தீவு, அங்க கோட்டை மேல பெரிய பீரங்கி இருக்கு, அரை நாள் தேவைப்படும், அதனால டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுடுங்க. மேல காத்து அள்ளிட்டுப் போகும், ஜாக்கெட் இல்லாம தாத்தா பாட்டியை கூட்டிட்டு வராதீங்க. மேடு ஏற முடியாதவங்க தீவுக்கு வரவேண்டாம், கரையிலயே லுசிடானியா நினைவுச்சிலை இருக்கற சதுக்கத்துல உக்காரலாம், அவங்க கூட ரெண்டு பேர் இருக்கற மாதிரி ஆள் பிரிச்சுக்கலாம். திரும்பி வந்ததும் கார் வெச்சிருக்கறவங்க மட்டும் பழைய கல்லறைத்தோட்டத்துக்கு ஒரு நடை, லுசிடானியாக்காரங்க இருக்கற இடத்துல பூ வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா எண்ணம்.

டைட்டானிக் மியூசியம் வேணும்னு பசங்க அடம் பிடிச்சா அதுக்கும் நேரம் இருக்கு. மதிய சாப்பாடு கையோட கொண்டு வந்துடுங்க, புளிசாதமும் உருளைக்கிழங்கும் போதும், தீவுல உக்காந்து சாப்பிட இடம் இருக்கு. வர்றவங்க எத்தனை பேர்னு ஏப்ரல் கடைசிக்குள்ள சொல்லிட்டா ஃபெர்ரிக்கு மொத்தமா சீட் கேட்டு வைக்கறேன்.

அன்போட,
கோவ்ல இருந்து உங்கள்ல ஒருத்தன்